கடல் ஏன் ஏறுகிறது? கிராமசபையில் ஓர் இயற்பியல் ஆசிரியை என்ன பேசலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஒரு மீனவ ஊரிலிருந்து இந்த வாரக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளங்களை விட்டுவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

அவர் சிறுமியாக இருந்தபோது, அதாவது இருபத்தைந்து வருடம் முன்பு, ஊர்க் குருசடிக்கு (சிலுவை நிறுவிய சிறு ஆலயம்) முன்னால் நூறடிக்கு மேல் மணல் கிடந்ததாம். அப்பாவும் சித்தப்பாவும் அங்கேதான் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுப்பார்கள். இன்று ஆனி, ஆடியில் அலை குருசடிப் படியைத் தொடுகிறது. ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வார்டு உறுப்பினரான சித்தப்பாவின் தரப்பு, "பக்கத்தில் போட்ட துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவும்தான் நம் மணலைத் தின்றுவிட்டது. காலநிலை மாற்றம் என்பது வெளிநாட்டுக்காரன் கட்டிய கதை, அதிகாரிகள் தப்பிக்கச் சொல்லும் சாக்கு. நமக்கும் தூண்டில் வளைவு வேண்டும்" என்கிறது. தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு. இன்னொரு கட்சியைச் சேர்ந்த இளைஞர்களோ, "2050-ல் இந்த ஊர் தண்ணீருக்குள் போய்விடும் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது. பேச இனி ஒன்றுமில்லை, உள்ளே நிலம் வாங்கித் தரச் சொல்வோம்" என்று சிவப்பு நிற வரைபடத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். அக்டோபர் 2 கிராமசபையில் "அறிவியல் என்ன சொல்கிறது" என்று பேசும்படி பங்குத்தந்தையும் ஊராட்சித் தலைவரும் இவரைக் கேட்டிருக்கிறார்கள்.

சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்ட ஒரு கேள்வி இவரை உறங்கவிடவில்லை: "ஒக்கி அன்றைக்கு நாளை நடக்கப்போவதைச் சொல்லத் தெரியாத விஞ்ஞானம், ஐம்பது வருடம் கழித்து நடக்கப்போவதைச் சொல்லுமா?" 2017 ஒக்கிப் புயலில் போனவர்களில் சித்தப்பாவின் மூத்த மகனும் ஒருவர்.

கடிதத்தின் கடைசியில் நான்கு கேள்விகள். உண்மையில் எந்தத் தரப்பு சரி? விஞ்ஞானிகளே ஒத்துப்போகாதபோது நான் என்ன சொல்ல முடியும்? பேசினால் வேலைக்கு ஆபத்து வருமா? முழு நிரூபணம் கிடைத்த பிறகுதான் வழக்குப் போட முடியும் என்கிறார்களே, அது சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

சித்தப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர் கேட்கும் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லாமல் நீங்கள் எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தாலும் அது அவர் காதில் ஏறாது.

2017 நவம்பர் 29-ஆம் தேதி ஒக்கி வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் முற்பகலிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கையை அவர்களிடம் கொண்டு சேர்க்க வழி இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. முன்கூட்டிச் சொல்ல அவகாசம் குறைவாக இருந்தது, சொன்னதைக் கடலுக்குள் எட்ட வைக்கவும் முடியவில்லை. இரண்டுமே குறைதான். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதைச் சொல்லுங்கள். எந்த அலை எந்த நேரத்தில் வள்ளத்தைக் கவிழ்க்கும் என்று உங்கள் அப்பாவால் சொல்ல முடியாது. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும், கடல் சீறும் என்று வைகாசியிலேயே சொல்லிவிடுவார். முதல் கேள்விக்குப் பதில் தெரியாததால் இரண்டாவது பொய்யாகிவிடுமா? வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சித்தப்பாவுக்கு இது புதிதல்ல. கடலில் அவர் கற்றதே இது.

இன்னொன்றும் இருக்கிறது. தெற்கே வெகுதொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் பேரலைகள் சில நாள் கழித்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றே இல்லாத நாளிலும் கடல் ஏறும். நம் ஆட்கள் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இப்போது அதே பெயரில் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனபோது அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கணிப்பு சரி, ஆனால் அது உரியவர் காதில் விழவில்லை. எச்சரிக்கை கடைசி ஆள்வரை போய்ச் சேர்வதற்கு யார் பொறுப்பு? அது ஆட்சியும் அரசியலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. சித்தப்பாவின் கோபத்தில் பாதிக்கு மேல் சேர வேண்டிய இடம் அது என்பது என் எண்ணம்.

எது உறுதி, எது உறுதியில்லை

"விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை டிண்டால் 1859-லேயே ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார். அது அதிகமானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று அர்ரேனியஸ் 1896-ல் கணக்குப் போட்டார். அன்று இதில் எந்தக் கட்சிக்கும் லாபநட்டம் இல்லை. 1958-ல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உங்களுக்கு வந்த காணொளியில் பேராசிரியர் ஒருவர் "எல்லாம் சூரியனால்" என்கிறாராம். சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே இதைச் சொல்லிக் காரணம் கேட்கலாம். 2021-ல் வந்த ஐபிசிசி (காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா.வின் அறிவியல் குழு) அறிக்கை, மனிதச் செயல்பாட்டால் பூமி சூடாகியிருப்பதில் ஐயமே இல்லை என்று எழுதியது. இருநூறு நாடுகளுக்குக் கொஞ்சம் குறைவான அரசுகள் வரிவரியாக உட்கார்ந்து ஒப்புக்கொண்ட சுருக்க அறிக்கை அது. எண்ணெய் விற்கும் நாடுகளும் அந்த அறையில் இருந்தன.

"காசு கொடுத்தவனுக்குச் சாதகமாகத்தான் விஞ்ஞானி சொல்வான்" என்பது சித்தப்பா வாதம். நியாயமான சந்தேகம். நீதிமன்றத்தில் வக்கீல்களான நாங்களும் நிபுணரிடம் முதலில் கேட்பது அதுதான்: யார் கொடுத்த பணத்தில் ஆய்வு செய்தீர்கள்? அப்படியானால் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் கதையையும் சொல்லுங்கள். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் அதன் சொந்த விஞ்ஞானிகளே பூமி எவ்வளவு சூடாகும் என்று கணித்துக் கொடுத்தார்கள். அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் பலித்தன. நிறுவனமோ வெளியே பல வருடம் சந்தேகத்தைப் பரப்பியது. சம்பளம் கொடுத்தவருக்குக் கசப்பான பதிலைத்தான் அந்த விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

ஐபிசிசி தவறே செய்யாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று சரியான ஆதாரமில்லாத ஒரு வரி நுழைந்துவிட்டது. நம் நாட்டிலேயே அது பெரிய சர்ச்சையானது. 2010 ஜனவரியில் தவறென்று ஒப்புக்கொண்டார்கள். கூட்டத்தில் யாராவது இதை எடுத்து வீசுவார்கள். அவர்களுக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

சரி, உங்கள் குருசடிக்கு வருவோம். கணக்கு உங்களுக்குப் பிடித்த விஷயம்.

மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு 8 செ.மீ. போல வரும். மணற்கரையில் கடல் ஒரு பங்கு உயர்ந்தால் கரை ஐம்பது முதல் நூறு பங்கு பின்வாங்கும் என்று கடற்கரைப் பொறியாளர்களிடம் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. அதன்படி 4 முதல் 8 மீட்டர், அதாவது பதின்மூன்று அடி முதல் இருபத்தாறு அடி வரை. நீங்கள் இழந்ததோ நூறடி.

மிச்சம் எங்கே போனது? கரைக்கு மணல் வரும் வழி அடைபட்டிருக்கலாம். கடலுக்குள் நீட்டிய சுவர் ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கத்தைப் பட்டினி போடும் என்பது எல்லாக் கடற்கரைகளிலும் பார்த்துப் பழகிய உண்மை. பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிந்தது. அணைகள் வந்தபின் ஆறு முன்போல மணல் கொண்டுவருவதில்லை. ஆற்று மணலும் கரை மணலும் அள்ளப்பட்ட கதை நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. உங்கள் ஊரில் இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை அளந்துதான் சொல்ல முடியும். நான் போட்டதும் தோராயக் கணக்குதான், அதை வைத்து யார் மேலும் குற்றம் சாட்டிவிட முடியாது. ஆனால் முழுவதையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது என்பதற்கு அது போதும்.

ஆக, உள்ளூர்ச் சுவர் விஷயத்தில் சித்தப்பா சொல்வதில் சாரம் இருக்கிறது. காலநிலை மாற்றமே பொய் என்பதில் இல்லை. கடல்மட்டம் உயர்வது உண்மை என்பதில் இளைஞர்கள் சொல்வது சரி. 2050-ல் ஊரே முழுகும் என்று விஞ்ஞானம் சொன்னதாகச் சொல்வது சரியில்லை. ஐபிசிசி கணிப்பில் 2050 வாக்கில் உலக சராசரி உயர்வு, 1995–2014 காலத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 15 முதல் 29 செ.மீ. 2100-க்கு, நாம் எவ்வளவு புகை விடுகிறோம் என்பதைப் பொறுத்து, சுமார் 28 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. இது சின்ன விஷயமே அல்ல. ஏற்கெனவே மணல் இழந்த கரையில் ஒவ்வொரு அங்குலமும் ஆடி மாத அலையை வீட்டுக்கு அருகே கொண்டுவரும். ஆனால் அந்தச் சிவப்பு வரைபடங்கள் நிலத்தின் உயரத்தைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் தரவிலிருந்து எடுக்கின்றன. அந்த உயரத்திலேயே மீட்டர் கணக்கில் பிழை இருக்கக்கூடும். அதை நம்பி ஓர் ஊரைக் காலி செய்ய முடியாது.

காலநிலை மாற்றம் பொய் என்று சொன்னால் யாருக்கு லாபம் என்று எல்லோரும் கேட்கிறோம். அதையே காரணமாகக் காட்டி உள்ளூர்த் தவறுகளை மூடினால் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டும். ஒரு பொறியாளர் வடிவமைப்பில் பிழை செய்திருந்தால், "உலகமே சூடாகிறது, நாங்கள் என்ன செய்ய?" என்ற பதில் அவருக்கு எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சித்தப்பாவுக்கு அறிவியல் மேல் வெறுப்பு வந்தது இந்த வழியில்தான் என்று கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

அறிவியல் முடிவெடுக்காது

நீங்கள் எழுதிய ஒரு வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன்: "அறிவியல்படி எது சரியோ அதை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும்." அறிவியல் ஆசிரியை இப்படி எழுதுவதன் நல்ல நோக்கம் புரிகிறது. ஆனாலும் இதை ஏற்க மாட்டேன்.

உங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் மணல் சேருமா, பக்கத்து ஊரில் எவ்வளவு அரிக்கும்? இது அறிவியல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நம் மணலைக் காக்கப் பக்கத்து ஊர்க்காரன் மணலை இழக்கலாமா? இதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. கல் சுவர் போட்டால் வீடு நிற்கும், கரமடி இழுக்க இடமிருக்காது. வீடு பெரிதா, தொழில் பெரிதா? உள்ளே இடம்பெயர்ந்தால் கல்லறைத் தோட்டத்தையும் கோயிலையும் என்ன செய்வது? செலவை யார் ஏற்பது? இவையெல்லாம் ஊர் கூடி, சண்டை போட்டு, பேசி முடிவெடுக்க வேண்டியவை. அரசியல் என்று நாம் முகம் சுளிக்கும் விஷயம் இதற்காகத்தான் இருக்கிறது. ஐபிசிசியும் இன்ன கொள்கையைப் பின்பற்று என்று எந்த அரசுக்கும் கட்டளையிடுவதில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்ற பறவை அழியும் நிலையில் இருக்கிறது, மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகும்படி 2021-ல் நீதிமன்றம் சொன்னது. அதே பகுதியில்தான் பெரிய சூரிய மின் திட்டங்கள் வருகின்றன. பறவை சாகிறது என்பதும் அறிவியல், நிலக்கரியை விட்டு சூரிய மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்பதும் அறிவியல். எதற்கு எவ்வளவு இடம் என்பது மட்டும் அறிவியலில் இல்லை. 2024 மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கு எனப்படும் இதே வழக்கின் தீர்ப்பில் பழைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தார்கள். அதே தீர்ப்பில்தான், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். உங்கள் ஊருக்கு நாளை கைகொடுக்கக்கூடிய வரி அது.

ஆகவே கிராமசபையில் இரண்டு பேச்சாகப் பிரித்துப் பேசுங்கள். "இதுவரை நான் சொன்னது அளந்து தெரிந்தது. இனிச் சொல்வது இந்த ஊர்ப் பெண்ணாக என் விருப்பம்" என்று நடுவில் ஒரு கோடு போடுங்கள். விருப்பத்துக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டால், ஒருநாள் அதைக் கழற்றிக் காட்டுவார்கள். அன்றைக்கு நீங்கள் சொன்ன உண்மைகளையும் சேர்த்துத் தூக்கி எறிவார்கள்.

வழக்குக்கு முழு நிரூபணம் தேவையா?

தேவையில்லை. ஒருமுறை கடற்கரை வழக்கு ஒன்றில் நிபுணர் ஒருவரை எதிர்த்தரப்பு வக்கீல், "நூறு சதவீதம் உறுதியாகச் சொல்வீர்களா?" என்று கேட்டார். நேர்மையான மனிதர், "மாட்டேன்" என்றார். வெளியே வந்ததும் கட்சிக்காரர்கள் கேஸ் போய்விட்டது என்று அழுதார்கள். போகவில்லை. மிக வாய்ப்புண்டு என்று ஐபிசிசி எழுதினால் அதற்குப் பொருள் குறைந்தது 90 சதவீதம். உறுதியின் அளவைச் சொல்வது அறிவியலின் ஒழுக்கம். அதை பலவீனம் என்று காட்டுவது வக்கீல்களும் அரசியல்வாதிகளும் செய்யும் வேலை.

வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றுவிட்டது. மீளமுடியாத சேதம் வரும் ஆபத்து இருந்தால், அறிவியல் உறுதி போதவில்லை என்று சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் திட்டம் தீங்கு செய்யாது என்று காட்டும் பொறுப்பும் திட்டம் கொண்டுவருபவருடையது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-ன் 20-ஆம் பிரிவு தீர்ப்பாயம் இந்தக் கோட்பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. சென்னையில் தென் மண்டல அமர்வு இருக்கிறது.

இதில் ஆபத்து காலக்கெடுதான். அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மனு போட, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அனுமதி உத்தரவை எதிர்த்து 16-ஆம் பிரிவில் மேல்முறையீடு என்றால் வெறும் 30 நாள், அதற்கும் மேலே அதிகபட்சம் 60 நாள். "நிரூபணம் வரட்டும்" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடுங்கள். அந்தச் சுவருக்கும் புதிதாகக் கேட்கும் தூண்டில் வளைவுக்கும் கரை ஆய்வு செய்தது யார், எந்த வருடத் தரவு, பக்கத்து ஊர்களில் என்ன விளைவு என்று பார்த்தார்களா, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி உண்டா? நகல்களோடு கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதலான செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் கரைகளை ஆராய்ந்திருக்கிறது, அதில் உங்கள் பகுதிக்கான தாள்களையும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வேலை

ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராமசபை உறுப்பினர்கள். அங்கே பேச உங்களுக்கு உரிமை உண்டு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ பிரிவும் சொல்கிறது. ஆனால் ஆசிரியர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. கட்சி மேடையும், அரசின் கொள்கையைப் பொதுவில் கண்டிப்பதும் சிக்கலில் கொண்டுபோய்விடும். உங்கள் நியமன ஆணையையும் பள்ளி நிர்வாகத்தின் விதிகளையும் எடுத்து ஒருமுறை படியுங்கள். ஊராட்சியிடமிருந்து எழுத்தில் அழைப்பு வாங்கி, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எந்தக் கட்சியின் பேரையும் எடுக்க வேண்டாம். எந்த அதிகாரி பணம் வாங்கினார் என்ற பேச்சுக்கே போக வேண்டாம், அவதூறு வழக்கு வந்தால் கடல் மறந்துபோய் அதுவே பேச்சாகிவிடும். பேசுவதை எழுதி வைத்துப் படியுங்கள். யாராவது வெட்டி ஒட்டிக் காணொளி போட்டால் அந்தத் தாள் உங்களைக் காக்கும்.

அப்புறம் சித்தப்பா. கூட்டத்தில் வைத்து அவரைத் திருத்தாதீர்கள். மேலே போட்ட கணக்கை முன்கூட்டியே அவர் திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள், அவர் சொன்னதில் எது சரி என்பதையே முதலில் சொல்லி. பிறகு ஓர் உதவி கேளுங்கள். எந்த வருடம் மணல் எதுவரை இருந்தது, எந்தத் தென்னை எப்போது விழுந்தது, சுவர் வந்தபின் நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி மாறியது என்று அவரும் அவர் வயது ஆட்களும் சொல்வதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் அதைப் பிரமாணப் பத்திரமாகவே வைக்கலாம். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் குருசடியிலிருந்து அலை ஏறிய கோடு வரை டேப் பிடித்து அளக்க உங்கள் மாணவர்களை வைத்துத் தொடங்குங்கள். அக்டோபர் 2-க்கு முன் இரண்டு மூன்று அளவாவது கையில் இருக்கும். முதல் நாள் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் படியிலிருந்து அளக்க வேண்டும் என்று அவரே காட்டட்டும்.